தொலைபேசி டிரையேஜ் வேலை: குமரி மாவட்டத்திலிருந்து புறப்படும் செவிலியர்கள் கவனிக்க வேண்டியவை

தக்கலைக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து புறப்பட்டு, வார்டு வேலையை விட்டு, தொலைபேசியில் நோயாளிகளுக்கு வழிகாட்டும் வேலைக்கு மாற எனக்குப் பதினொரு மாதங்கள் பிடித்தன. உண்மையில் வேலை தேடியது இரண்டு மாதம்தான். மீதி மாதங்கள், எனக்குப் பொருந்தாத அறிவிப்புகளுக்கு விண்ணப்பித்தும், வர வேண்டிய ஒரு சான்றிதழுக்காகக் காத்திருந்தும், சம்பளக் கடிதத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டுச் சேர்ந்த ஓர் இடத்திலிருந்து மூன்றே மாதத்தில் வெளியேறியும் கழிந்தன. அந்தச் சுற்று உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இது பெரும்பாலும் நர்சிங் முடித்தவர்களுக்கானது. ஆனாலும் மற்றப் பட்டதாரிகளுக்கும் சில பகுதிகள் பயன்படும்.

டிரையேஜ் என்றால், அழைப்பவர் சொல்லும் அறிகுறிகளைக் கேட்டு, இவருக்கு உடனே ஆம்புலன்ஸ் வேண்டுமா, சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா, மறுநாள் மருத்துவரைப் பார்த்தால் போதுமா, அல்லது வீட்டிலேயே வைத்துக் கவனித்துக்கொள்ளலாமா என்று தரம் பிரிப்பது. என்ன நோய் என்று சொல்வது நம் வேலை அல்ல. மருந்து எழுதுவதும் நம் வேலை அல்ல. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி தொலைபேசி வழியாக மருந்து பரிந்துரைக்கும் அதிகாரம் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டுமே உண்டு. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், சில தனியார் இடங்களில் ‘டாக்டர் பிஸியாக இருந்தால் நீங்களே மாத்திரை சொல்லிவிடுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். நாளை ஒரு சிக்கல் வந்தால், பதிவான உரையாடலில் இருப்பது உங்கள் குரல்தான்.

1. எந்த நாற்காலிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று முதலில் தெளிவு பெறுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாரும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கணினி முன் அமர்ந்திருப்பவர்கள்தான். ஆனால் அந்த அறையில் குறைந்தது நான்கு வகை வேலைகள் இருக்கின்றன. சம்பளமும் எதிர்காலமும் அவற்றுக்கிடையே பெரிதும் மாறுபடும்.

முதல் வகை, அழைப்பை எடுத்து விவரம் பதிவு செய்பவர். 108 சேவையின் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பை எடுக்கும் அலுவலர்களும், வண்டியை அனுப்பும் டிஸ்பேட்சர்களும் இந்த வகையினர். இதற்கு நர்சிங் படிப்பு கட்டாயம் அல்ல. எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். திரையில் வரும் கேள்விகளை வரிசையாகக் கேட்டு, பதிலைக் குறித்து, எங்கே, யாருக்கு, என்ன என்பதை முடிவு செய்வதே வேலை. நான்கு வகையில் சம்பளம் குறைந்தது இதுதான்.

இரண்டாம் வகை, மருத்துவ அறிவோடு கேள்வி கேட்டுத் தரம் பிரிக்கும் செவிலியர். அரசின் 104 மருத்துவ உதவி எண், தனியார் மருத்துவமனைகளின் 24 மணி நேர உதவி எண்கள், காப்பீட்டு நிறுவனங்களின் உடல்நல உதவி மேசைகள், வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் ஆகியவற்றில் இந்த நாற்காலி இருக்கிறது. நீங்கள் குறிவைக்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாம் வகை, மனநல ஆலோசகர். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணுக்கு வரும் அழைப்புகளை முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் எடுக்கிறார்கள். தேவைப்பட்டால் அழைப்பு மனநல நிபுணர்களுக்குப் போகும். உளவியல், சமூகப்பணி படித்தவர்களுக்கும் மனநல நர்சிங் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். நான்காம் வகை மருத்துவர். 108 அறையில் அமர்ந்து, வண்டியில் இருக்கும் மருத்துவ உதவியாளருக்குத் தொலைபேசியில் உத்தரவு தருபவர் அவர்.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் ஐந்தாவது ஒன்று உண்டு. ‘அமெரிக்க மருத்துவத் துறை, வாய்ஸ் பிராசஸ், நர்சிங் முடித்தவர்களுக்கு முன்னுரிமை’ என்று திருவனந்தபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் விளம்பரம் வரும். அவற்றில் மிகப் பல, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களை அழைத்து, மருத்துவமனைக்கு வர வேண்டிய பணம் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஏ.ஆர். காலிங் வேலைகள். கௌரவமான வேலைதான், சில இடங்களில் சம்பளமும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் ஒரு நோயாளியின் குரலைக்கூட நீங்கள் கேட்கப்போவதில்லை. செவிலியர் அனுபவமாக அதை எவரும் ஏற்பதும் இல்லை. நான் சேர்ந்து மூன்று மாதத்தில் விலகியது அப்படி ஓர் இடத்தில்தான். நேர்முகத்தில் ‘நான் பேசப்போவது நோயாளியுடனா, காப்பீட்டு நிறுவனத்துடனா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

2. ஆவணங்களைத் திரட்டுதல்: பெயரிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரும் தலைவலி சான்றிதழைவிடச் சான்றிதழில் உள்ள பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். பான் அட்டையில் அந்த முன்னெழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி இருக்கும். கேரளத்திலோ கர்நாடகத்திலோ படித்திருந்தால் கல்லூரிச் சான்றிதழில் வீட்டுப்பெயரும் சேர்ந்திருக்கும். ஞானஸ்நானப் பெயரை ஒரு சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலிலும் மற்றொன்றில் வேறொரு கூட்டலிலும் வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்தவர்களுக்கு இன்னும் ஒரு படி சிக்கல். விண்ணப்பிக்கும்போது இதை யாரும் கேட்பதில்லை. வேலை கிடைத்த பிறகு, பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். என்ற நிரந்தர எண்ணோடு ஆதாரை இணைக்கும்போதும், பின்னணிச் சரிபார்ப்பின்போதும்தான் அடைபட்டு நிற்கும்.

ஆகவே முதல் வாரத்தில் இதைச் செய்யுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆதாரையும் பானையும் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். கல்விச் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை. ஆதாரைத் திருத்துவது எளிது. பெயரே முற்றிலும் வேறாக இருந்தால்தான் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும்.

அடுத்தது பதிவு. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்து ஆர்.என்.ஆர்.எம். எனப்படும் செவிலியர்-தாதியர் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். அது புதுப்பிக்கப்பட்டும் இருக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் நர்சிங் படிக்கும் பிள்ளைகளில் பலர் வெளிமாநிலத்தில் படித்து அங்கேயே பதிவு செய்துவிட்டு வருகிறோம். தமிழ்நாட்டில் வேலை பார்க்க அந்தப் பதிவை இங்கே மாற்றிப் பதிய வேண்டும். அதற்குப் படித்த மாநிலத்துக் கவுன்சிலின் தடையின்மைச் சான்றும் சரிபார்ப்பும் தேவைப்படும். எனக்கு அந்தச் சரிபார்ப்புக்கு மட்டும் நான்கு மாதங்கள் ஆயின. விண்ணப்பத்தில் கல்லூரி முதல்வரின் கையொப்பம் வேண்டிய ஓர் இடத்தை நான் காலியாக விட்டு அனுப்பியதும், அது திரும்பி வந்ததை நானாகக் கேட்டறியும் வரை யாரும் சொல்லாததும் காரணம். எனவே வேலை தேடத் தொடங்கும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே விசாரியுங்கள்; கொரியர் ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.

இவை தவிர, பத்தாம் வகுப்பு முதல் இறுதியாண்டு வரையிலான மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பார்த்த ஒவ்வோர் இடத்தின் அனுபவச் சான்று, விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை ஆகியவை வேண்டும். காவல்துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்பை இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்தலாம். வேலை கொடுப்பவர் கேட்ட பிறகு செய்தால் போதும். பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், நேர்முகத்துக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு முன் எடுப்பது நல்லது. நெஞ்சை எப்படி அழுத்துவது என்று தொலைபேசியில் மற்றவருக்குச் சொல்லித்தரும் வேலை இது. அதைக் கையால் செய்யாதவரின் குரலில் தடுமாற்றம் தெரிந்துவிடும்.

அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தரச் சொல்லுங்கள். ‘பாண்டு முடியும் வரை எங்களிடம் இருக்கட்டும்’ என்று சொல்லும் இடத்தில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

3. வார்டை விட்டு வர அவசரப்படாதீர்கள்

படித்து முடித்த கையோடு நேராகத் தொலைபேசி வேலைக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தது இரண்டு வருடம் வார்டில் இருங்கள். அவசர சிகிச்சைப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, குழந்தைகள் வார்டு ஆகியவற்றில் ஒன்றிலாவது சில மாதங்கள் கேட்டு வாங்குங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளின் தனியார் மருத்துவமனைகளிலோ இரவுப் பணியில் வந்து இறங்கும் நோயாளிகளை நேரில் பார்த்தவருக்குத்தான், மூச்சு வாங்குபவர் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்துவது தொலைபேசியில் எப்படிக் கேட்கும் என்று தெரியும்.

பணக் கணக்கும் அதையே சொல்கிறது. வார்டு அனுபவம் இல்லாமல் போனால் முதல் வகை நாற்காலியில்தான் அமர்த்துவார்கள். அங்கிருந்து இரண்டாம் வகைக்கு ஏறுவதைவிட, வார்டிலிருந்து நேராக இரண்டாம் வகைக்கு வருவது எளிது. மாவட்ட நலவாழ்வு சங்கம் அவ்வப்போது வெளியிடும் ஒப்பந்தச் செவிலியர் பணிகளுக்கு மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம் தரப்படுகிறது. துணை சுகாதார நிலையங்களின் இடைநிலை சுகாதாரப் பணியாளர் பணியும் இதே ஊதிய அளவில் வருவது. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி மூலம் நோயாளியை மருத்துவருடன் இணைத்துப் பேசவைக்கும் பழக்கமும் அதில் கிடைக்கும். தொலைமருத்துவ அனுபவம் என்று எழுதிக்கொள்ள ஊரைவிட்டுப் போகாமலே கிடைக்கும் வழி அது ஒன்றுதான்.

4. அறிவிப்புகள் வரும் இடம், வராத இடம்

மாவட்ட நலவாழ்வு சங்க அறிவிப்புகள் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் வரும். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு. வாரம் ஒருமுறையாவது பாருங்கள். 108 சேவைக்கான ஆட்சேர்ப்பு முகாம்கள் மாவட்டந்தோறும் நடக்கும். நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் தேதியும் ஊதியமும் அச்சாகும். ஆனால் அந்த முகாம்களில் எடுப்பது பெரும்பாலும் வண்டியில் செல்லும் மருத்துவ உதவியாளரையும், பைலட் எனப்படும் ஓட்டுநரையும்தான். 12 மணி நேர ஷிப்ட், எந்த மாவட்டத்திலும் பணி என்பவை நிபந்தனைகள். எழுத்துத் தேர்வு, உடற்கூறியல், முதலுதவி, அடிப்படை நர்சிங் என்று ஒரே நாளில் பல சுற்றுகள் இருக்கும். தொலைபேசி நாற்காலி அங்கே கிடைக்காது என்றாலும், வண்டியில் இரண்டு வருடம் ஓடியவர் பின்னாளில் கட்டுப்பாட்டு அறைக்கு விண்ணப்பித்தால் அவருடைய எடை தனி.

வேலைவாய்ப்புப் பதிவைப் புதுப்பிக்கத் தவறாதீர்கள். கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் நடத்துகிறது. அங்கே வரும் நிறுவனங்களிடம் வேலையின் பெயரை மட்டும் கேட்காமல், ஒரு நாளில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேளுங்கள்.

108, 104 ஆகியவற்றில் ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர்கள் உண்டு. எந்த முகாமுக்கும் கட்டணம் கிடையாது. பயிற்சிக் கட்டணம், ஹெட்செட் வைப்புத்தொகை, சரிபார்ப்புச் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பையை மூடிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

5. தேர்வு நாளும் மாதிரி அழைப்பும்

நேர்முகத்தில் பாடக்கேள்விகள் அதிகம் இருக்காது. மாதிரி அழைப்பு ஒன்று இருக்கும்; அதுதான் தேர்வு. எனக்கு நேர்ந்ததை அப்படியே சொல்கிறேன். எதிரே அமர்ந்திருந்த மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தியாகவே மாறிப் பேசினார். குமரிக்காரர் என்று தெரிந்து வேண்டுமென்றே வைத்த சோதனை அது.

“மக்களே, அவருக்கு ராத்திரி தொட்டே நெஞ்சு கரிக்குது. வாயுவாக்கும். சுக்குக் காப்பி குடுத்தும் கேக்கல்ல.”

நான் கேட்டேன்: “ராத்திரி என்ன சாப்பிட்டாரு, அம்மா?”

“மரச்சீனியும் மீன்கறியும்.”

“அது செரிக்காம இருந்திருக்கும். முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா?”

இப்படியே இரண்டு நிமிடம் போயிற்று. திடீரென்று மருத்துவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். “லைன் கட் ஆயிடுச்சு, சிஸ்டர். ஆம்புலன்ஸை எந்த ஊருக்கு அனுப்புவீங்க?”

ஊரைக் கேட்கவில்லை. அவர்களுடைய எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. வயதைக் கேட்கவில்லை; வியர்த்துக் கொட்டுகிறதா, வலி தோளுக்கோ தாடைக்கோ போகிறதா, சர்க்கரை நோய் உண்டா என்று எதையும் கேட்கவில்லை. ‘வாயு’ என்று அந்தப் பாட்டி சொன்னதை நானே நோயாக எடுத்துக்கொண்டுவிட்டேன். அழைப்பவர் தரும் நோய்ப்பெயரை ஒருபோதும் ஏற்காதீர்கள். அறிகுறியை மட்டும் வாங்குங்கள். முதல் அரை நிமிடத்துக்குள் எண், இடம், நோயாளியின் வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்ற ஐந்தும் கைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றக் கேள்விகள். சந்தேகம் வந்தால் மேல்படியைத் தேர்ந்தெடுங்கள்: வீட்டில் இருக்கலாமா, மருத்துவமனையா என்று தயங்கினால் மருத்துவமனை; மருத்துவமனையா, ஆம்புலன்ஸா என்று தயங்கினால் ஆம்புலன்ஸ்.

நம் பேச்சுவழக்கு இந்த வேலையில் ஒரு சொத்து; அதைக் கூச்சமின்றி எடுத்துச் சொல்லுங்கள். விளவங்கோடு பக்கத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். சென்னையில் அமர்ந்திருப்பவர் அதைக் குளிர் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ‘எளைப்பு’ என்று நாம் சொல்வது மூச்சிரைப்பை. மற்றவர் காதில் அது உடல் மெலிவாக விழலாம். ‘ஓர்மை இல்லை’ என்பது மறதியா, நினைவு தப்பியதா என்று திருப்பிக் கேட்டே ஆக வேண்டும். மலையாளமும் பேசத் தெரிந்தால் விண்ணப்பத்தில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இரு மொழி எடுப்பவருக்குத் தனிப்படி தரும் இடங்களும் இருக்கின்றன. நீங்களாகக் கேட்டால்தான் தருவார்கள்.

தட்டச்சு வேகத்தையும் பார்ப்பார்கள். கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யப் பழகுங்கள். வானொலிச் செய்தியைப் போட்டுவிட்டு அதன் சாரத்தைத் தட்டச்சு செய்து பார்ப்பது நல்ல பயிற்சி.

6. சம்பளக் கடிதத்தைப் படிக்கும் முறை

எனக்கு அடுத்தடுத்து மூன்று கடிதங்கள் வந்தன. அழைப்பு எடுக்கும் வேலைக்குக் கைக்கு 14,500 ரூபாய். தனியார் உதவி மேசைச் செவிலியர் வேலைக்குச் சி.டி.சி. மாதம் 22,000, காப்பீட்டுத் துறை சார்ந்த டிரையேஜ் செவிலியர் வேலைக்கு 27,000. இவை எனக்கு வந்தவை மட்டுமே. உங்கள் அனுபவத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். ஆனால் கணக்கு போடும் முறை மாறாது.

சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை. உங்கள் வங்கிக்கு வருவது அல்ல. 22,000 ரூபாயை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 11,000 என்றும், பி.எஃப். அதன்மேல் மட்டும் பிடிக்கப்படுகிறது என்றும் வைத்தால், நிறுவனத்தின் பங்கான 12 சதவீதம் 1,320 ரூபாய். பணிக்கொடைக்கு ஒதுக்குவதாகக் காட்டுவது ஏறக்குறைய 529. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு நிறுவனத்தின் பங்கு மொத்தச் சம்பளத்தில் 3.25 சதவீதம், ஏறக்குறைய 634. இவை மூன்றும் கழிந்தால் உங்கள் மொத்தச் சம்பளம் 19,517 ஆகிறது. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,320, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமாக 147 போனால், கைக்கு வருவது 18,050 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரியும் பிடிப்பார்கள். ‘ஊக்கத்தொகை’ என்று ஒரு வரி சி.டி.சி.க்குள்ளேயே இருந்தால் அதையும் கழித்துப் பாருங்கள். இலக்கை எட்டும் மாதத்தில்தான் அது வரும்.

மொத்தச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. பொருந்தாது. அப்போது தனி மருத்துவக் காப்பீடு தருகிறார்களா, பெற்றோரையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். சம்பளம் 500 ரூபாய் கூடியதால் இ.எஸ்.ஐ. போய், பிரசவச் செலவு முழுவதையும் கையிலிருந்து கட்டிய தோழி ஒருத்தி எனக்கு உண்டு.

இன்னொரு வரியைக் கவனியுங்கள்: பதவியின் பெயர். நோயாளியிடம் டிரையேஜ் செய்யும் செவிலியருக்கே ‘டெலி காலர்’ என்றோ ‘வாடிக்கையாளர் சேவை அலுவலர்’ என்றோ பெயரிட்டு உத்தரவு கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. அந்தப் பெயரோடு மூன்று வருடம் கழித்து வெளியே வந்தால், உங்கள் மூன்று வருடமும் செவிலியர் அனுபவமாக எண்ணப்படாது. ‘டிரையேஜ் செவிலியர்’ அல்லது ‘செவிலிய ஆலோசகர்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், வேலையின் விவரத்தையாவது உத்தரவின் இணைப்பாகக் கேளுங்கள். சம்பளத்தில் 1,000 ரூபாய் கூட்டிக் கேட்பதைவிட நான் இதற்குத்தான் அதிகம் வாதாடுவேன்.

7. ஷிப்ட், தங்குமிடம், வீட்டிலிருந்து வேலை

இரவில் வரும் அழைப்புகள் எண்ணிக்கையில் குறைவு, கனத்தில் அதிகம். இரவுப்படி தனியாக உண்டா, மாதத்தில் எத்தனை இரவு, வீட்டுக்கு வாகனம் விடுவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். சென்னையில் தங்குவதற்குத் தனியார் விடுதியைத் தேடும் முன், அரசின் ‘தோழி’ பணிபுரியும் மகளிர் விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். திருவனந்தபுரம் என்றால் குழித்துறை, இரணியல் பக்கத்தவர்கள் ரயிலில் தினமும் போய்வரலாம் என்று நினைப்பார்கள்; பகல் ஷிப்டுக்கு முடியும், ஷிப்ட் சுழன்றால் முடியாது.

வீட்டிலிருந்து பார்க்கும் வேலையும் அபூர்வமாகக் கிடைக்கிறது. கதவு மூடிய தனி அறை, தடையில்லா இணைய இணைப்பு, இன்வெர்ட்டர் ஆகிய மூன்றையும் காணொளியில் காட்டச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அவை மூன்றும் இருந்தன. நான் எண்ணிப் பார்க்காதது தகரக் கூரை. ஐப்பசி மழை அதன்மேல் விழுந்தபோது அழைத்தவருக்கு என் குரலே கேட்கவில்லை. நோயாளியின் விவரம் வீட்டார் காதில் விழக்கூடாது என்பதும் நிபந்தனையில் இருக்கும். அதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

8. மேலே ஏறும் வழி

எல்லா அழைப்பும் பதிவாகும். மாதந்தோறும் சிலவற்றை எடுத்துக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். நான் கண்டவரையில், நேரத்தை மிச்சப்படுத்தியவர்கள் குழுத்தலைவர் ஆகிறார்கள். கேள்வியை விடாமல் கேட்டவர்கள் தணிக்கையாளராகவும் பயிற்றுநராகவும் போகிறார்கள். செவிலியருக்கு இரண்டாவது வழியே நீடிக்கும். அழைப்புத் தணிக்கை, புதியவர்களுக்குப் பயிற்சி, கேள்விப் பட்டியலை மருத்துவருடன் சேர்ந்து திருத்தும் பணி என்று அது விரியும். ஷிப்டும் பெரும்பாலும் பகலாகிவிடும். ஒரு வருடம் முடிந்ததும் நீங்களாகவே கேட்டு, மாதம் பத்து அழைப்புகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

9. வெளிநாட்டுக் கனவைப் பற்றி ஒரு வார்த்தை

இங்கிலாந்தின் மருத்துவ உதவித் தொலைபேசியான 111 சேவையில் இரண்டு நாற்காலிகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ‘என்.எச்.எஸ். பாத்வேஸ்’ என்ற மென்பொருளின் கேள்விகளைக் கேட்கும் ஹெல்த் அட்வைசருக்குச் செவிலியர் பதிவு வேண்டாம்; சிக்கலான அழைப்பை வாங்கும் கிளினிக்கல் அட்வைசர் செவிலியராகவோ பாராமெடிக்காகவோ இருப்பார், பெரும்பாலும் ஆறாம் ஊதியப் படியில். 2025-26இல் அந்தப் படியின் தொடக்கம் ஆண்டுக்கு 38,682 பவுண்டு. வார்டில் புதிதாகச் சேரும் செவிலியரின் ஐந்தாம் படி அதே ஆண்டில் 31,049 பவுண்டில் தொடங்கியது. அதாவது அங்கே தொலைபேசி நாற்காலி, வார்டில் பழகியவர் ஏறிப்போகும் இடம். இங்கிருந்து நேராக அதற்கு எடுக்கமாட்டார்கள். முதலில் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சிலில் பதிவு: ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தம் 7, எழுத்தில் 6.5, அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் பி தரம், எழுத்தில் சி பிளஸ். பிறகு கணினித் தேர்வு, அங்கே சென்று செயல்முறைத் தேர்வு, அதன்பின் சில வருட வார்டு வேலை.

அமெரிக்காவில் செவிலியர்கள் ஷ்மிட்-தாம்சன் எனப்படும் தொலைபேசி டிரையேஜ் கேள்விமுறைகளை வைத்து டிரையேஜ் செய்கிறார்கள். 2024 மே மாதக் கணக்கில் அந்நாட்டுப் பதிவுச் செவிலியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 93,600 டாலர். ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து நாகர்கோவிலில் இருந்தே செய்யலாம் என்று எண்ணிவிடாதீர்கள். நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் வேண்டும், அதற்கு என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற செவிலியர் உரிமத் தேர்வு வேண்டும். இங்கிருந்தபடியே அந்த வேலை என்று சொல்லிப் பணம் கேட்பவர் பொய் சொல்கிறார். வளைகுடா செல்ல நினைப்பவர்கள், அங்குள்ள நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் உரிமை அரசு சார்ந்த முகமைகளுக்கே உண்டு என்பதை நினைவில் வைத்து, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவன அறிவிப்புகளைப் பாருங்கள்.

10. சேரும் நாளிலும் விலகும் நாளிலும்

பழைய யு.ஏ.என். எண் இருந்தால் அதையே கொடுங்கள். புதிதாக ஒன்று உருவாக விட்டுவிட்டால் இரண்டையும் இணைப்பது பெரும்பாடு. பயிற்சிக் காலத்துக்கு முழுச் சம்பளமா, பாதியா என்று சேரும் முன் கேளுங்கள். அறிவிப்புக் காலம் 30 நாளா, 60 நாளா என்று பாருங்கள். 60 நாள் என்றால் அடுத்த இடத்தில் நீங்கள் சேரும் தேதியையும் அதற்கேற்பத்தான் சொல்ல முடியும். விலகும்போது விடுவிப்புக் கடிதம், பதவிப்பெயரும் வேலை விவரமும் உள்ள அனுபவச் சான்று, கடைசிச் சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கில் விலகிய தேதி பதிவானதற்கான ஆதாரம் ஆகிய நான்கையும் கையில் வாங்காமல் நாகர்கோவிலுக்கு டிக்கெட் போடாதீர்கள். கடைசியாகச் சொன்ன தேதியைப் பதிய வைப்பதற்காக மட்டும் நான் மறுபடியும் ஒருமுறை சென்னைக்குப் போய்வந்தேன். போகவர ரயிலில் இரண்டு இரவு, கவுண்டரில் பத்து நிமிடம்.